வாந்திபேதியின் நஞ்சும் மேற்கோள் கணக்கும்

ஆராய்ச்சியாளர் ஒருவரின் உழைப்பை எதைக்கொண்டு அளப்பது? அவர் வெளியிட்ட கட்டுரைகளை எண்ணிப் பார்ப்பது ஒரு வழி. அக்கட்டுரைகளைப் பிறர் தம் எழுத்தில் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்று எண்ணுவது மற்றொரு வழி. இக்காலத்தில் பல்கலைக்கழகங்கள் பதவி தருவதும் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி கிடைப்பதும் பெரிதும் இவ்விரு கணக்குகளைச் சார்ந்தே நிற்கின்றன. இக்கணக்குகள் எங்கே மெய் சொல்லும், எங்கே தவறும் என்று அறிய விரும்புவோர்க்குக் கல்கத்தா மருத்துவர் சம்பு நாத் டே அவர்களின் வரலாறு நல்லதொரு சான்றாகும்.

காக் விட்டுச் சென்ற கேள்வி

வாந்திபேதி என்று நம் மக்களும் காலரா என்று மருத்துவர்களும் வழங்கும் நோயின் கிருமியை முதலில் கண்டவர் இத்தாலியரான பிலிப்போ பாச்சினி. 1854ஆம் ஆண்டில் பிளாரன்ஸ் நகரில் இறந்தவர்களின் குடலை ஆராய்ந்து அவர் அதனைக் கண்டார். ஆனால் அவர் எழுதியதைப் பெரியோர் எவரும் பொருட்படுத்தவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1884இல், ஜெர்மானியப் பேரறிஞர் ராபர்ட் காக் கல்கத்தாவில் அக்கிருமியைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டினார். புகழும் அவரைச் சேர்ந்தது. அக்கிருமியின் பெயரோடு பாச்சினியின் பெயரும் 1854 என்ற ஆண்டும் முறைப்படி இணைக்கப்பட்டது 1965இல்தான்.

கிருமியைக் கண்டாயிற்று. அது மனிதனைக் கொல்வது எவ்வாறு? அது ஒரு நஞ்சை உண்டாக்குகிறது என்றும், அந்நஞ்சு உடலெங்கும் பரவிக் கொல்கிறது என்றும் காக் கருதினார். பின்வந்தவர்கள் அவர் காட்டிய வழியே சென்றனர். விலங்குகளின் இரத்தத்திலும் வயிற்றறையிலும் கிருமியைச் செலுத்திப் பார்த்தனர். விலங்குகள் இறந்தன, ஆனால் மனிதனுக்கு வரும் வாந்திபேதி அவற்றுக்கு வரவில்லை. நோயாளியின் உடலிலிருந்து கழுநீர் போன்ற நீர் குடம் குடமாக வெளியேறுவதன் காரணம் எழுபத்தைந்து ஆண்டுக் காலம் விளங்காமலே இருந்தது.

முயலின் குடலில் கிடைத்த விடை

டே அவர்கள் 1915ஆம் ஆண்டில் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்திலுள்ள கரிபாட்டி என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்தார். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பயின்று 1939இல் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று, ராய் கேமரன் என்னும் நோய்க்குறியியல் பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்து, 1949இல் முனைவர் பட்டத்துடன் திரும்பினார்.

நஞ்சு உடலெங்கும் பரவுகிறது என்ற கொள்கையை டே ஒதுக்கி வைத்தார். நோய் குடலில் இருக்கும்போது விடையையும் குடலிலேயே தேடவேண்டும் என்பது அவர் எண்ணம். முயலின் சிறுகுடலில் ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அதற்குள் காலராக் கிருமியைச் செலுத்தினார். மறுநாள் பார்த்தபோது அப்பகுதி கழுநீர் போன்ற நீரால் நிறைந்து வீங்கியிருந்தது. கிருமியற்ற உப்புநீரைச் செலுத்திய பகுதியிலோ நீர் சேரவில்லை. நூலும் முயலும் போதும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இச்சோதனை 1953இல் கட்டுரையாக வெளிவந்தது. மூன்றாண்டு கழித்து, குடலில் வாழும் வேறொரு வகைக் கிருமியான கோலியையும் இதே முறையில் அவர் ஆராய்ந்தார். அக்கிருமியின் சில வகைகளும் பேதியை உண்டாக்கும் என்று பிற்காலத்தார் விரிவாக நிறுவியதற்கு இது தொடக்கமாயிற்று.

இறுதியாக, கிருமியை வளர்த்த திரவத்தை வடிகட்டிக் கிருமிகளை முற்றிலும் நீக்கி, வடிநீரை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார். அப்போதும் நீர் சுரந்தது. ஆகவே நோயைச் செய்வது கிருமி வெளிவிடும் ஒரு நஞ்சு என்பதும், அது குடலிலேயே தன் வேலையை முடித்துவிடுகிறது என்பதும் தெளிவாயின. இச்செய்தி 1959ஆம் ஆண்டு மே மாதம் லண்டன் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. கட்டுரையின் அளவு இரண்டு பக்கத்துக்கு மேல் இல்லை. அதே ஆண்டில் பம்பாய் ஹாப்கின் நிலையத்தில் தத்தாவும் அவருடைய தோழர்களும் முயல்குட்டிகளைக் கொண்டு நஞ்சு உண்டென்று வேறு வழியில் காட்டினர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

விளைந்த பயன்

டேயின் கட்டுரை வெளிவந்தபோது ஆரவாரம் எதுவும் எழவில்லை. ஆனால் ஆய்வுக்கூடங்கள் அவருடைய முயற்குடல் சோதனையை ஒன்றன்பின் ஒன்றாகக் கைக்கொண்டன. 1961இல் இந்தோனேசியாவின் சுலாவேசித் தீவில் புதிய வகைக் காலரா கிளம்பி, நாடு நாடாகப் பரவியபோது அவ்வாராய்ச்சி மேலும் விரைவு கொண்டது. 1969இல் அமெரிக்காவில் பிங்கல்ஸ்டைன், லோஸ்பலூட்டோ என்ற இருவர் அந்நஞ்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தனர்.

நோயாளியின் குடற்சுவர் சிதைந்துபோகிறது என்ற பழைய எண்ணமும் மறைந்தது. சுவர் கெடாமலே இருக்கிறது. நஞ்சு அதனை ஓயாது நீர் சுரக்கச் செய்கிறது. அந்நிலையிலும் சர்க்கரையோடு சேர்ந்த உப்பையும் நீரையும் குடல் ஏற்றுக்கொள்ளும் என்று கண்டனர். 1971இல் வங்கதேச அகதிகள் தங்கிய பங்காவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்றிருந்த சாவு நாலுக்கும் கீழே இறங்கியது. இப்பயன் முழுவதும் டே ஒருவரால் விளைந்தது என்பது மிகையாகும். ஆயினும் நோயின் இடத்தைச் சரியாகச் சுட்டிய கைகளுள் அவருடையதும் ஒன்று.

கணக்கெழுதியவர்

அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தவரான யூஜின் கார்பீல்டு, எந்தக் கட்டுரையை எவர் மேற்கோள் காட்டினர் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணை ஒன்றை 1955இல் முன்மொழிந்தார். 1964 முதல் அதனைத் தொடர்ந்து வெளியிட்டும் வந்தார். தம் அட்டவணையைக் கொண்டு காலரா ஆராய்ச்சியின் வளர்ச்சியை வரைபடமாக வரைந்து பார்த்தபோது, அத்துறை திரும்பிய இடத்தில் டேயின் கட்டுரைகள் நிற்பதைக் கண்டு, அதனை 1986இல் விரிவாக எழுதினார்.

அதற்கு முன்னாண்டிலேயே டே காலமாகிவிட்டார்.

1973இல் அவர் ஓய்வு பெற்றார். இந்திய அறிவியற் கழகங்கள் எவையும் அவரைத் தம் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. நாட்டின் பெரும் பரிசு எதுவும் அவரை வந்தடையவில்லை. நோபெல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பெர்க் அவர் பெயரை அப்பரிசுக்கு ஒருமுறைக்கு மேல் முன்மொழிந்தும் பயனில்லை. 1978இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த நோபெல் கருத்தரங்குக்கு மட்டும் அழைக்கப்பட்டார். தாம் என்றோ புதைக்கப்பட்டவர் என்றும், கருத்தரங்கினர் தம்மைத் தோண்டி எடுத்தனர் என்றும் அங்கே அவர் வேடிக்கையாகக் கூறினார். பெங்களூர் 'கரண்ட் சயின்ஸ்' இதழ் அவருக்கெனத் தனி மலர் வெளியிட்டது 1990இல்.

எண்ணிக்கையின் எல்லை

மேற்கோள் கணக்கு பயனற்றது என்று இதனால் கூறிவிடலாமா? கூடாது. உள்ளூரார் மறந்த ஒருவருக்கு உலகம் பட்டிருந்த கடனை வெளிப்படுத்தியது அக்கணக்கே. ஆயினும் அதன் எல்லைகளையும் உணர வேண்டும். மேற்கோள் மிகுந்ததே சிறந்தது என்ற விதி இல்லை. புரதத்தை அளக்கும் எளிய முறையொன்றைக் கூறும் லோரியின் 1951ஆம் ஆண்டுக் கட்டுரை 2014க்குள் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மேற்கோள் பெற்று முதலிடத்தில் நின்றது. அந்நாளில் எடுத்த முதல் நூறு கட்டுரைகளின் பட்டியலில், மரபணுவின் இரட்டைச் சுருளைக் கண்ட வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு இடமில்லை. அளவுகோலை எடுத்தாள்வோர் ஒவ்வொரு முறையும் அதன் பெயரைச் சொல்கின்றனர். பேருண்மையோ விரைவில் பாடநூலில் கலந்து பொதுச் சொத்தாகி, கண்டவர் பெயர் இன்றியே வழங்குகிறது. காலரா நஞ்சைப் பற்றி இன்று பாடம் படிக்கும் மாணவர்க்கு டேயின் பெயர் தெரியாமற் போவதும் இவ்வாறே.

மற்றோர் உண்மையும் உண்டு. மேற்கோள் என்பது விளைந்த பின் அளக்கும் மரக்கால். பயிர் முளைவிடும்போது அதற்கு வேலையில்லை. முளையை அறியக் கண் வேண்டும், அதாவது கட்டுரையை எடுத்துப் படித்து ஆராயும் அறிவு வேண்டும். டேயின் பெருமையை எண்ணிக் கண்டவர்க்கு இருபத்தேழு ஆண்டு பிடித்தது. படித்துக் காண விரும்பியவர்க்கு 1959இலேயே இரண்டு பக்கம் போதுமானதாக இருந்தது.