இஞ்சிவேர் போன வழி

ஆங்கிலத்தின் ‘ஜிஞ்சர்’ நம் ‘இஞ்சி’தான் என்று மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். ஒலி ஒத்திருப்பது மட்டும் சான்றாகிவிடாது. சொல் எந்தெந்த மொழி வழியாகப் போனது என்பதைப் பழைய ஏடுகள் காட்ட வேண்டும். இந்தச் சொல்லுக்கு அந்த ஏடுகள் கிடைத்திருக்கின்றன. மொழியறிஞர் ஆலன் ராஸ் 1952-இல் இந்த ஒரு சொல்லுக்காகவே ஒரு நூல் எழுதினார்.

நார்மானியர் 1066-இல் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முன்பே அந்நாட்டு மருத்துவச் சுவடிகளில் ‘ஜிஞ்ஜிஃபர்’ இருக்கிறது. பிறகு பிரெஞ்சுச் செல்வாக்கில் ‘ஜிஞ்ஜிவர்’ ஆகி, தேய்ந்து ‘ஜிஞ்சர்’ ஆனது. அதற்கு முந்தைய லத்தீன் வடிவம் ‘ஸிங்கிபெர்’. அதற்கும் முந்தையது கிரேக்கத்தின் ‘ஸிங்கிபெரிஸ்’. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் பிளினி, இதை மிளகுச் செடியின் வேர் என்று சிலர் நம்புவதைச் சொல்லி, அது தவறு என்று மறுத்தார்.

கிரேக்கத்துக்கும் முன்னால் நிற்பது பாலி மொழியின் ‘சிங்கிவேர’. வடமொழியில் ‘ச்ருங்கவேர’. ‘ச்ருங்கம்’ என்றால் கொம்பு. இஞ்சி கொம்புபோல் கிளைப்பதால் இப்பெயர் என்றொரு விளக்கம் உண்டு. திராவிட மொழியறிஞர்கள் இதை ஏற்பதில்லை. வெளியிலிருந்து வந்த சொல்லுக்குப் பிறகு பொருத்திய பொருள் அது என்கிறார்கள். ‘வேர’ என்பது நம் ‘வேர்’, முழுச்சொல் ‘இஞ்சிவேர்’.

அப்படியானால் முதலில் உள்ள சகரம் எங்கிருந்து வந்தது? விடை தமிழிலேயே இருக்கிறது. சிறகு-இறகு, சிப்பி-இப்பி என்ற இணைகளைப் பாருங்கள். சொல்முதல் சகரம் உதிர்வது தென்திராவிட மொழிகளின் பழைய வழக்கம். இஞ்சியும் ஒருகாலத்தில் சகரத்தோடு வழங்கி, அந்நிலையிலேயே வடக்கே போயிருக்க வேண்டும்.

இஞ்சிப் பயிரின் பிறப்பிடம் தென்கிழக்கு ஆசியா. எனவே ‘இஞ்சி’ என்ற பெயரே பயிரோடு கிழக்கிலிருந்து வந்திருக்கலாம் என்று கருதுவோரும் உண்டு. அது மெய்யானாலும் ‘வேர்’ நம்முடையது. அதைச் சேர்த்து மேற்குலகுக்கு அனுப்பியது தென்னகம். நாம் பெருமைப்பட இந்த உண்மையே போதும். இதற்குமேல் மிகைப்படுத்த வேண்டியதில்லை.

சகரத்தோடும் சகரமின்றியும் வழங்கும் சொல் இணைகள் உங்கள் ஊர்ப் பேச்சில் இருந்தால் எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் ‘ஆரஞ்சு’.