மில் முதலாளி கொண்டுவந்த குழாய்த் தண்ணீர்

நம்ம ஊரில் மில் என்றால் மூன்று பெயர்கள் உடனே வரும். சவானா மில் என்கிற சுதேசி, கெப்ளே மில் என்கிற பாரதி, ரோடியர் மில் என்கிற ஏ.எஃப்.டி. மூன்றும் இன்று சங்கு ஊதாமல் கிடக்கின்றன. இவற்றில் சவானா 1820களின் கடைசியில் தொடங்கியது. பம்பாயில் 1850களில் வந்த பஞ்சாலைக்கும் அது மூத்தது. ஆனால் மூன்றையுமே நடத்தியவர்கள் ஐரோப்பியர்கள். அவர்களில் ஹென்றி கெப்ளே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம்ம ஊர் மேயராகவும் இருந்தார். மில்லும் அரசியலும் கைகோத்த கதை நமக்குப் புதிதல்ல.

இந்த இதழில் சொல்ல வந்தது வேறு ஊர்க்காரர் ஒருவரைப் பற்றி. அகமதாபாத்தின் ரண்சோட்லால் சோட்டாலால். 1823-இல் பிறந்தவர், நாகர் பிராமணர். அப்பா, தாத்தா வழியில் அரசாங்க உத்தியோகம்தான். இவரும் சுங்க இலாகாவில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, 1850களில் ஒரு லஞ்சப் புகாரில் சிக்கி வேலையை இழந்தார். அந்த வேலை போகாமல் இருந்திருந்தால் இன்று அவர் பெயரை யாரும் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நீராவியில் ஓடும் நூற்பாலை ஒன்று தொடங்கவேண்டும் என்ற யோசனை அவருக்கு அதற்கும் பல வருஷம் முன்பே இருந்தது. 1840களின் கடைசியிலேயே பங்கு சேர்த்துப் பார்த்தார். அகமதாபாத் சேட்டுகள் வட்டிக்குக் கொடுப்பார்கள், அபினி வியாபாரத்தில் போடுவார்கள். கண்ணால் காணாத இயந்திரத்தில் போடமாட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அலைந்த பிறகுதான் பணம் சேர்ந்தது. லண்டனில் இருந்த தாதாபாய் நௌரோஜிக்கு எழுதி இயந்திரங்களுக்கு ஏற்பாடு செய்தார். முதலில் வந்த சரக்கு கடலோடு போயிற்று. மறுபடி வரவழைத்தார். அன்று அகமதாபாத்துக்கு ரயில் கிடையாது. காம்பே துறைமுகத்தில் இறக்கி, மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். இயந்திரம் பூட்ட வந்த ஆங்கிலேயர் காலராவில் இறந்தார். 1861 மே 30 அன்று மில் ஓடத் தொடங்கியபோது 2,500 கதிர்கள், அறுபது சொச்சம் தொழிலாளர்கள். பின்னாளில் "இந்தியாவின் மான்செஸ்டர்" என்று பெயர் வாங்கிய ஊரின் ஆரம்பம் அவ்வளவுதான்.

அந்த ஊரில் மக்கள் வாழ்ந்த முறையைச் சொன்னால் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். 'போள்' என்று பெயர். ஒரே வாசல், அதற்கு இரவில் பூட்டும் கதவு, காவலாள், உள்ளே நெருக்கியடித்து வீடுகள், பொதுக் காரியங்களைக் கவனிக்க ஒரு பஞ்சாயத்து, அதற்கென்று பொதுப்பணம். நம்ம கேட்டட் கம்யூனிட்டிக்குத் தாத்தா என்றே சொல்லலாம். போளுக்குள் ஒழுங்கு இருந்தது. ஆனால் கழிவுநீர் வீட்டடியில் இருந்த குழியில்தான் தேங்கியது. பல கிணறுகள் உப்பு. வசதியுள்ளவர்கள் வீட்டுக்கடியில் தொட்டி கட்டி மழைநீர் சேமித்தார்கள்; மற்றவர்கள் கிடைத்ததைக் குடித்தார்கள். காலரா வந்து வந்து போனது.

ரிப்பன் பிரபு காலத்தில் நகராட்சிகளுக்குக் கொஞ்சம் அதிகாரம் கிடைத்தது. 1885-இல் ரண்சோட்லால் அகமதாபாத் நகராட்சியின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். ஆற்றுப்படுகையிலிருந்து குழாய்த் தண்ணீர், தரைக்கடியில் சாக்கடை என்று இரண்டு திட்டங்களைக் கையில் எடுத்தார். ஊர் எதிர்த்து நின்றது. வரி கூடும், வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டினால் என்ன ஆகும், காலகாலமாக இல்லாதது இப்போது எதற்கு. எந்த அடுக்ககத்தின் பொதுக்குழுவிலும் எஸ்.டி.பி. செலவைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள், ஏறக்குறைய இதே கேள்விகள் வரும். மனுக்கள் குவிந்தன. மனிதர் பின்வாங்கவில்லை. ஆசாரமானவர் என்று பெயரெடுத்தவர் என்பதால் "மதத்துக்கு விரோதி" என்று சொல்லி அவரைச் சுலபமாக ஒதுக்கவும் முடியவில்லை. லண்டனில் படுக்கையிலிருந்தபடியே இந்திய சுகாதாரத்தைக் கவனித்து வந்த ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் அவருக்குக் கடிதம் எழுதி ஊக்கம் கொடுத்தார். 1890களின் தொடக்கத்தில் தூதேஷ்வரிலிருந்து சபர்மதித் தண்ணீர் குழாயில் வந்தது. சாக்கடைத் திட்டம் அவர் காலத்தில் நகரின் ஒரு பகுதியைத்தான் எட்டியது.

நம்ம ஊர்த் தண்ணீர்க் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்தது மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், லாமைரெஸ் என்ற பொறியாளர் கையால். அதன் நினைவுதான் பாரதி பூங்காவின் ஆயி மண்டபம். இங்கே சக்கரவர்த்தி ஆட்சியில் வேலை நடந்தது, வரி கட்டுகிறவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அங்கே வரி கட்டுகிறவர்களோடு மல்லுக்கட்டித்தான் ஒரு குழாய் போட முடிந்தது. எனக்கு இரண்டாவதுதான் பெரிய காரியமாகப் படுகிறது.

ஆனால் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்வதற்கு முன் ஒன்று. 1891-இல் அகமதாபாத் மில் முதலாளிகள் சங்கம் உருவானபோது அதன் தலைவரும் அவர்தான். தொழிலாளர் வேலை நேரத்துக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்த காலம் அது. முதலாளிகளுக்கு அது பிடிக்கவில்லை. விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மில் ஓடிய நாட்கள் அவை. ஊருக்கு நல்ல தண்ணீர் கொடுக்க அத்தனை பேரோடு மோதியவர், தன் கதிருக்கு முன்னால் நின்றவனின் நேரத்தைக் குறைக்கும் விஷயத்தில் மற்ற முதலாளிகளோடுதான் நின்றார். வேலை நேரம் என்பது எவ்வளவு பெரிய சங்கதி என்று புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மேல் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 12 பேர் உயிர்விட்ட பிறகுதான் இங்கே எட்டு மணி நேர வேலை வந்தது.

ரண்சோட்லால் 1898-இல் காலமானார். பம்பாய் சட்டசபையிலும் உறுப்பினராக இருந்தவர் என்றாலும் அவர் பெயர் நிற்பது நகராட்சி வேலைக்காகத்தான். மில்லை அவர் பேரன் சினுபாய் நடத்தினார். அதே நகராட்சியின் தலைவர் நாற்காலியில் 1924-இல் வந்து உட்கார்ந்தவர் வல்லபாய் பட்டேல். அவர் மேசைக்கு வந்த கோப்புகளிலும் தண்ணீரும் சாக்கடையும் இருந்தன.