கையில் ஏடா, தாளமா?

பழங்காலக் கவிஞர் ஒருவரின் படத்தையோ சிலையையோ பார்த்தால், இவர் முகம் இப்படித்தான் இருந்திருக்குமா என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் விடை கிடைக்காது. அவர் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே பயனுள்ள வேலை. முகம் சிற்பியின் கற்பனை. கையிலிருக்கும் பொருளோ, அந்தக் கவிஞரின் பாட்டு எந்த வழியாகப் பிழைத்து வந்தது என்பதற்குப் பிற்காலம் தந்த வாக்குமூலம். இதைச் சோதித்துப் பார்க்கத் திருகோணமலை நல்ல இடம்.  அங்கே, பிரட்றிக் கோட்டைக்குள், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை. ஏழாம் நூற்றாண்டில் அந்த மலையைப் பாடிய திருஞானசம்பந்தரின் கையில் சிற்பிகள் ஏட்டைக் கொடுக்கவில்லை, தாளத்தைக் கொடுத்தார்கள். அது ஏன் என்பது, ரோமானியக் கவிஞர் வர்ஜிலை அருகில் நிறுத்திப் பார்த்தால் தெளிவாகும்.

வர்ஜிலின் காலம் கி.மு. 70 முதல் 19 வரை. அவர் உயிரோடிருந்தபோது வடித்தது என்று உறுதியாகச் சொல்லத்தக்க உருவம் எதுவும் இன்று இல்லை. புகழ்பெற்ற உருவம், இன்றைய துனீசியாவின் சூஸ் நகரில் 1896இல் கிடைத்த கல்பதிப்பு ஓவியம். கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அது இப்போது துனிஸ் பார்டோ அருங்காட்சியகத்தில் உள்ளது. வெள்ளை மேலாடை அணிந்த கவிஞர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். இரு பக்கமும் வரலாற்றுக்கும் துன்பியல் நாடகத்துக்கும் உரிய கலைத்தேவியர் நிற்கிறார்கள். மடியில் விரிந்த சுருளில் ஏனியட் காப்பியத்தின் தொடக்கப் பகுதியிலிருந்து சில சொற்களை வாசிக்கவே முடிகிறது. அந்தக் காப்பியம் ஆப்பிரிக்கக் கரையின் கார்த்தேஜைப் பெரிதாகப் பாடுகிறது; வர்ஜில் ஆப்பிரிக்காவுக்குப் போனதற்குச் சான்றில்லை. இருந்தும் அந்தக் கரையில் ஒரு வீட்டுக்காரர் தம் தரையில் அவரை அமர்த்திக்கொண்டார். ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய, இன்று வத்திக்கானில் உள்ள ஒரு கையெழுத்துப் பிரதியிலும் இதே தோற்றம்தான்: நடுவில் கவிஞர், ஒரு பக்கம் வாசிப்புப் பலகை, மறுபக்கம் சுருள்களை வைக்கும் பெட்டி. முகம் ஓவியத்துக்கு ஓவியம் மாறினாலும் புத்தகம் கூடவே வருகிறது.

சம்பந்தர் திருமேனிகளில் அடையாளம் வேறு. சீர்காழிக் குளக்கரையில் அம்மை ஊட்டிய பாலின் நினைவாக ஒரு கையில் கிண்ணம் இருக்கும்; பால் தந்தது யார் என்று தந்தை அதட்டியபோது காட்டிய சுட்டுவிரல் மறுகையில் உயர்ந்திருக்கும். அந்த விரலை வைத்துத்தான் அவரைக் குழந்தைக் கண்ணனிலிருந்து பிரித்தறிகிறார்கள். இன்னொரு வகைத் திருமேனியில் இரு கையிலும் தாளம். கைதட்டிப் பாடிய பிள்ளையின் உள்ளங்கை சிவந்ததைக் கண்டு திருக்கோலக்காவில் இறைவன் பொற்றாளம் தந்தார் என்ற வரலாறு அதற்குப் பின்னணி. ஏடு பிடித்த கவிஞரைச் சோழநாட்டுச் சிற்பிகள் அறியாமலில்லை. மாணிக்கவாசகர் கையில் அவர்கள் ஏட்டைக் கொடுத்தார்கள். சில திருமேனிகளில் அந்த ஏட்டில் எழுத்துகளையும் பொறித்தார்கள். ஆகவே சம்பந்தருக்கு ஏடு இல்லாதது தற்செயல் ஆகாது. தெரிந்தே செய்த தெரிவு.

அந்தத் தெரிவுக்குக் காரணம் கோயில் நடைமுறையில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய, அதாவது தேவாரம் பாட, 48 பிடாரர்களையும், உடுக்கைக்கு ஒருவரையும், கொட்டிமத்தளத்துக்கு ஒருவரையும் முதலாம் இராஜராஜன் அமர்த்தினான். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு முக்குறுணி நெல். அதே கோயிலில் காரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்னும் தென்னவன் மூவேந்தவேளான் சம்பந்தர், அப்பர், சுந்தரர் ஆகியோரின் செப்புத் திருமேனிகளை எழுந்தருளுவித்ததையும் கல்வெட்டு சொல்கிறது. பாடுவோருக்குப் படி அளந்ததும் பாடியவருக்கு உருவம் வார்த்ததும் ஒரே காலத்தில், ஒரே மதிலுக்குள் நடந்தவை. சோழர் ஆட்சியோடு இந்த வழக்கம் ஈழத்துக்கும் வந்தது. பொலன்னறுவைச் சிவன்கோயில்களில் 1907, 1908 ஆண்டுகளில் நடந்த அகழ்வில் நடராசர் முதலிய வெண்கலங்களோடு நாயன்மார் திருமேனிகளும் வெளிப்பட்டன. கொழும்பு நூதனசாலைக்குப் போன அவற்றைப் பற்றிப் பொன்னம்பலம் அருணாசலமும் ஆனந்த குமாரசுவாமியும் எழுதினார்கள். இறைவனைக் கண்டு வியந்து நிற்கும் சுந்தரர் அவற்றுள் தலைசிறந்தது. ஈழத்திலும் பாடகர்கள் இறைவனோடு ஒரே கோயிலில் இடம் பெற்றிருந்தார்கள் என்பதற்கு அந்த வெண்கலங்களே சாட்சி.

திருகோணமலையில் நடந்ததை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்றாம் திருமுறையில் கோணமலைக்குச் சம்பந்தர் பாடிய பதிகம் ஒன்று உள்ளது. கடல் முத்தைக் கொழித்துக் கரையில் தள்ளுவதை அது பாடுகிறது. கடைக்காப்பில் காழியர் தலைவன் என்று பாடியவர் தம்மை அடையாளம் சொல்லி, பாட்டைச் சொல்பவருக்கும் கேட்பவருக்கும் பயன் கூறுகிறார். எழுதி வைப்பவரைப் பற்றி அங்கே பேச்சில்லை. பதினோராம் நூற்றாண்டளவில் நிலாவெளிக் கல்வெட்டு கோணமலை இறைவனுக்கு நிலம் விட்டதைப் பதிவு செய்கிறது. பின்னர் 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கல்லைக் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் மூன்று நூற்றாண்டுக்கு மேல் அந்த உச்சியில் பெருங்கோயில் இல்லை. 1950இல் கிணறு தோண்டும்போது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் முதலிய திருமேனிகள் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி இடிபாடுகளைக் கண்டார்கள். 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. கல் கடலிலும் கோட்டைச் சுவரிலும், வெண்கலம் மண்ணிலும் கிடந்த அத்தனை காலமும் பதிகம் அழியவில்லை. அதைக் காக்க அந்த மலை தேவைப்படவில்லை. தமிழகத்துக் கோயில்களிலும் ஈழத்துச் சைவ வீடுகளிலும் பாடுவதற்கு வாய் இருந்தது போதும். சிற்பி ஏட்டை விட்டுத் தாளத்தைத் தேர்ந்ததன் பொருத்தம் இந்த ஊரின் வரலாற்றில் தெளிவாகத் தெரிகிறது.

தேவாரம் ஏட்டில் எழுதியிராவிட்டால் நமக்குக் கிடைத்திருக்குமா என்று ஒருவர் கேட்கலாம். கேள்வி நியாயமானது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையில் கறையான் அரித்த ஏடுகளிலிருந்தே நம்பியாண்டார் நம்பி திருமுறைகளை மீட்டார் என்று மரபே சொல்கிறது. திருவிடைவாய்ப் பதிகம் 1917இல் கோயில் கல்வெட்டிலிருந்துதான் கிடைத்தது. எழுத்து இல்லாமல் எதுவும் தங்கியிருக்காது என்பது உண்மைதான். ஆனால் அந்த மரபுக்கதை ஏட்டோடு முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஏடு கிடைத்தும் பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் வழிவந்த பெண் ஒருவரை எருக்கத்தம்புலியூரிலிருந்து அழைத்துப் பண் வகுத்த பிறகே மீட்பு முழுமையானது என்கிறது அது. சொல் மட்டும் கிடைத்தால் பாதிதான் கிடைத்தது என்று அந்தச் சமூகம் கருதியிருக்கிறது. 1920களில் திருகோணமலை இந்துக் கல்லூரிப் பொறுப்பிலிருந்த சுவாமி விபுலானந்தர், பிற்காலத்தில் பழந்தமிழ் இசையைத் தேடி எழுதிய யாழ் நூலை 1947இல் சம்பந்தர் தலமான திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றியதும் இதே கருத்தின் தொடர்ச்சிதான்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு மறுப்பு வரும்: வர்ஜிலின் கவிதையும் ஒலித்ததுதானே? ஒலித்தது. காப்பியத் தொடக்கத்திலேயே தாம் பாடுவதாகத்தான் அவர் சொல்கிறார். அரங்கில் அவர் வரிகளைக் கேட்ட மக்கள் எழுந்து நின்று வணங்கினார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தக் கவிதை தொடர்ந்து வாழ்ந்த வழி வேறு. முடிவுறாத ஏனியட்டை எரித்துவிட வேண்டும் என்பது கவிஞரின் விருப்பம். பேரரசர் அகஸ்டஸ் அதைத் தடுத்து, நண்பர்கள் இருவரைக் கொண்டு பிரதியை வெளியிடச் செய்தார். பிறகு அது பள்ளிப் பாடமானது. பொம்பேயின் சுவர்களில் அதன் முதல் சொற்களை யார் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள். எழுதப் பழகியவன் கைக்கு முதலில் வரும் வரியாக அது ஆகியிருந்தது. பிரதியும் பள்ளியும் காத்த கவிஞரைச் சுருளோடு வரைந்தார்கள், கோயிலும் பண்ணும் காத்தவரைத் தாளத்தோடு வார்த்தார்கள்.

சம்பந்தர் அடியார், வர்ஜில் இலக்கியவாதி, இருவரையும் ஒப்பிடலாமா என்பது அடுத்த ஐயம். இந்தப் பிரிவினை நம் காலத்தது. சிலியஸ் இட்டாலிகஸ் என்ற ரோமானியக் கவிஞர் தம் பிறந்தநாளைவிட வர்ஜிலின் பிறந்தநாளைப் பயபக்தியோடு கொண்டாடினார், நேப்பிள்ஸில் அவர் சமாதிக்குக் கோயிலுக்குப் போவதுபோல் போவார் என்று இளைய பிளினி எழுதுகிறார். நடுக்கால ஐரோப்பா வர்ஜிலைக் கிறிஸ்துவின் வருகையை முன்னறிந்தவராகவும் மந்திரவாதியாகவும் கொண்டாடியது. தாந்தே தம் மறுவுலகப் பயணத்துக்கு அவரையே வழிகாட்டியாக்கினார். நம் குருபூசைக்கு ஒப்பான ஒன்று அங்கும் இருந்திருக்கிறது.

கடைசி மறுப்பு திருகோணமலையைச் சுடும். சம்பந்தர் இங்கே வரவே இல்லை. இராமேசுவரத்தில் இருந்தபடியே கோணமலையையும் மாதோட்டத்தையும் நினைந்து பாடினார் என்கிறார் பன்னிரண்டாம் நூற்றாண்டின் சேக்கிழார். அப்படியானால் அந்தப் பதிகம் இடத்தைப் பற்றி என்ன சாட்சி சொல்லும்? அளவறிந்து கேட்டால் சொல்லும். எட்டாம் பாட்டில் இராவணன் வருவதைக் காட்டி, மலையிலுள்ள இராவணன் வெட்டுக் கதை ஏழாம் நூற்றாண்டிலேயே இருந்தது என்று வாதிட முடியாது. சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாட்டில் இராவணன் வருவது வழக்கமான அமைப்பு. ஆனால் இந்த மலைக்கோயிலின் பெயரும், அது கடலோரத்தில் இருப்பதும் தமிழகக் கரைக்கு அன்றே தெரிந்திருந்தது என்பது உறுதி. கார்த்தேஜைக் காணாமலே பாடிய வர்ஜிலை ஆப்பிரிக்கக் கரை தன்னவராக்கிக்கொண்டது. கோணமலையைக் காணாமலே பாடிய சம்பந்தரை இந்த ஊர் தன்னவராக்கிக்கொண்டதும் அதே நியாயத்தில்தான்.

நம் காலத்திலோ, ஏடும் எழுத்தாணியும் ஏந்திய திருவள்ளுவரை வேணுகோபால் சர்மா வரைந்தார்; 1964இல் தமிழக அரசு அதை ஏற்றது. அச்சுப் புத்தகத்தின் காலம் தன் கவிஞரை எழுத்தாளராகவே கண்டதில் வியப்பில்லை. 2000ஆம் ஆண்டு குமரிமுனையில் எழுந்த 133 அடிச் சிலையின் உயரம்கூட நூலின் அதிகாரக் கணக்கு. இந்தக் கண்ணோட்டத்தோடு கோணேசர் வரலாற்றை எழுதுவோர் கல்வெட்டையும் வெண்கலத்தையும் இடிந்த கல்லையும் முதல் வரிசையில் வைத்து, பதிகத்தைப் பக்திப் பகுதிக்குத் தள்ளிவிடுகிறார்கள். இந்த மலையைப் பொறுத்தவரை இடிப்பாலும் இடைவெளியாலும் அறுபடாமல் வந்த சான்று பதிகம் ஒன்றே. ஆதலால் அதைப் பாடிவந்தவர்களின் வரலாறும், யார், எந்தப் பண்ணில், எந்தக் கோயிலில், யாருடைய நெல்லில் பாடினார்கள் என்பதும், கோயிலின் வரலாற்றுக்குள்ளேயே இடம் பெற வேண்டும்.