விசாரணையைக் கேட்டுச் சிரித்தவர்கள்

காஃப்காவின் 'விசாரணை' நாவலுக்குக் கிடைத்த முதல் எதிர்வினை ஒரு சிரிப்பு. பிராக் நகரத்தில் தன் நண்பர்களுக்கு முதல் அத்தியாயத்தை அவரே வாசித்துக் காட்டினார். கேட்டவர்கள் அடக்கமாட்டாமல் சிரித்தார்கள். காஃப்காவுக்கே சிரிப்பு தாங்காமல் சில இடங்களில் வாசிப்பு நின்றுபோனது. இதைப் பதிவு செய்தவர், அந்த அறையில் இருந்த நண்பர் மாக்ஸ் ப்ராட்.

அந்த அத்தியாயத்தில் நடப்பது இதுதான். யோசஃப் க. ஒரு வங்கி அதிகாரி. அவனுடைய முப்பதாவது பிறந்தநாள் காலையில் இரண்டு காவலர்கள் வந்து கைது செய்கிறார்கள். என்ன குற்றம் என்று அவர்களுக்கே தெரியாது. அவனுக்கு வந்த காலை உணவை அவர்களே சாப்பிடுகிறார்கள். உன் உள்ளாடைகளை எங்களிடம் கொடுத்துவை, கிடங்குக்குப் போனால் திரும்பக் கிடைக்காது என்று அக்கறையாக யோசனையும் சொல்கிறார்கள். இன்று படிக்கிற நமக்கு வயிற்றைப் பிசைகிறது. இதில் சிரிக்க என்ன இருக்கு? அந்தச் சிரிப்பு வழியில் எங்கே தொலைந்தது என்று கொஞ்சம் வரலாற்றில் தேடிப் பார்க்கலாம்.

1914 ஆகஸ்டில் எழுதத் தொடங்கி, அடுத்த ஆண்டின் ஆரம்பத்தில் காஃப்கா இதைப் பாதியில் விட்டுவிட்டார். 1924 ஜூனில் இறந்தார். எல்லாவற்றையும் எரித்துவிடு என்று எழுதிவைத்திருந்ததை ப்ராட் கேட்கவில்லை. அத்தியாயங்களைத் தனக்குத் தோன்றிய வரிசையில் அடுக்கி 1925ல் பெர்லினில் வெளியிட்டார். மறு ஆண்டே கூர்ட் துக்கோல்ஸ்கி ஒரு மதிப்புரை எழுதினார். அவரும் சட்டம் படித்தவர், ஜெர்மன் நீதிபதிகளைப் பக்கம் பக்கமாகக் கிழித்தவர். அவரே இதை நீதித்துறை மீதான நையாண்டி என்று சுருக்க மறுத்தார். ஆரம்பகால வாசகர்களில் அவர் ரொம்ப நிதானமானவர் என்பேன்.

பிறகு வந்த காலம் நிதானத்துக்கு இடம் தரவில்லை. 1935ல் நாஜி அரசு காஃப்காவின் நூல்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அவருடைய மூன்று தங்கைகளையும் கொன்றது. விடிகாலையில் கதவு தட்டப்படுவதும், காரணம் சொல்லாமல் ஆளைக் கூட்டிப்போவதும் ஐரோப்பா முழுக்க வீட்டுக்கதையாகிவிட்டன. போர் முடிந்து நாவலைக் கையில் எடுத்தவர்கள் சிரிக்கவில்லை. இந்த மனுஷன் இதையெல்லாம் முன்னாடியே பார்த்துட்டானே என்று திகைத்தார்கள். காஃப்கா தீர்க்கதரிசி ஆனார். 1947ல் ஆந்த்ரே ழீதும் ழான்-லூயி பரோவும் பாரிஸில் இதை மேடையேற்றினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் பிரெஞ்சு கம்யூனிஸ்ட் வார இதழ் ஒன்று, காஃப்காவை எரிக்க வேண்டுமா என்று கேட்டு எழுத்தாளர்களிடம் கருத்துத் திரட்டியிருந்தது.

காஃப்காவின் சொந்த ஊரில் நடந்தது இன்னும் விசித்திரம். 1952ல் பிராகில் ஸ்லான்ஸ்கி வழக்கு நடந்தது. கட்சியின் மூத்த தலைவர்கள் உட்பட 14 பேர் குற்றவாளிக் கூண்டில் நின்று, மனப்பாடம் செய்யவைத்த வாக்குமூலங்களை ஒப்பித்தார்கள். 11 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதில் சாட்சி சொல்லவைக்கப்பட்டவர்களில் ஒருவர் எடுவர்ட் கோல்ட்ஸ்ட்யுக்கர். அடுத்த ஆண்டு அவருக்கும் ஆயுள் தண்டனை. 1955ல் விடுதலையானார். 'விசாரணை' செக் மொழியில் வருவதற்கே 1958 ஆயிற்று. 1963 மே மாதம், பிராகுக்கு வெளியே லிப்லிட்சே மாளிகையில், அதே கோல்ட்ஸ்ட்யுக்கர் காஃப்கா மாநாட்டைக் கூட்டினார். சோஷலிசத்தில் மனிதன் அந்நியமாவதில்லை, ஆகவே காஃப்கா நேற்றைய ஆள் என்றார்கள் கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள். செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் முன்னால் உட்கார்ந்து இதைச் சொல்ல ஒரு தெம்பு வேண்டும்! 1968ல் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் நுழைந்தபின், எல்லாத் தொல்லைக்கும் விதை அந்த மாநாடுதான் என்று பழி வந்தது. கோல்ட்ஸ்ட்யுக்கர் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இந்த வாசிப்புகளுக்கெல்லாம் மரியாதை உண்டு. ரத்தம் கொடுத்துப் படித்தவர்கள் அவர்கள். ஆனால் எல்லாவற்றிலும் ஒன்று பொது. வாசகர் உட்காருவது எப்போதும் க.வின் நாற்காலியில்தான். நாமும் அப்படித்தான். சில ஆண்டுகளுக்கு முன் இந்த நாவலைப் பற்றிப் பேச நண்பர்கள் கூடினோம். ஏ.வி. தனுஷ்கோடியின் தமிழாக்கத்தைத்தான் எல்லோரும் படித்திருந்தோம். பேச்சு சீக்கிரமே நாவலை விட்டு வெளியே போய்விட்டது. ஒருவர் பட்டாவுக்கு அலைந்த கதை, ஒருவர் இருபது வருட வாய்தாக் கதை. நான் வாரிசுச் சான்றிதழுக்காக ஒரு அலுவலகத்துக்கு ஏழு தடவை நடந்த கதையைச் சொன்னேன். எல்லோரும் க. தான். அரசு வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் மட்டும் பேசாமல் இருந்தார். கடைசியில், "நீங்க சொல்றது சரிதான் தம்பி. ஆனா அந்த ஸ்டோர் ரூம் சீனை யாருமே சொல்லலையே?" என்றார்.

அவர் சொன்ன காட்சி இது. தன்னைக் கைது செய்த காவலர்களைப் பற்றி க. நீதிமன்றத்தில் புகார் சொல்லியிருப்பான். ஒரு மாலை, அவன் வேலை பார்க்கும் வங்கியிலேயே, தட்டுமுட்டுச் சாமான் அறைக்குள் அந்த இருவரையும் ஒருவன் பிரம்பால் அடித்துக்கொண்டிருக்கிறான். காரணம் க.வின் புகார். அவன் லஞ்சம் கொடுத்துத் தடுக்கப் பார்க்கிறான். காவலன் அலறியதும், யாராவது வந்துவிடுவார்களே என்று கதவைச் சாத்திவிடுகிறான். ஓடி வந்த பணியாளர்களிடம் நாய் ஊளையிட்டது என்கிறான். மறுநாள் மாலை திறந்தால் அதே பிரம்பு, அதே காவலர்கள். கதவை அறைந்து மூடிவிட்டு, அந்த அறையைச் சுத்தம் செய்யுங்கள் என்று உத்தரவிடுகிறான். நாளைக்குச் செய்கிறோம் என்கிறார்கள். தலையாட்டிவிட்டுப் போகிறான்.

"நானும் நாளைக்குப் பாக்கலாம்னு எத்தனையோ ஃபைலை நகர்த்திவெச்சிருக்கேன். அந்தப் பக்கம் யாருக்கு என்ன ஆச்சுன்னு கதவைத் திறந்து பாத்ததில்ல," என்றார் அவர். யாரும் பதில் சொல்லவில்லை.

காஃப்காவும் அந்தப் பக்கத்து ஆள்தான். சட்டத்தில் முனைவர். 1908 முதல் 1922 வரை பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை. மரம் இழைக்கும் இயந்திரங்கள் விரல்களை எப்படித் துண்டிக்கின்றன, தண்டின் வடிவத்தை மாற்றினால் எப்படித் தப்பலாம் என்றெல்லாம் படம் போட்டு அறிக்கை எழுதியவர். அடிபட்ட தொழிலாளிகள் இந்தக் கட்டடத்தை அடித்து நொறுக்காமல் நம்மிடம் கெஞ்ச வருகிறார்களே என்று ப்ராடிடம் ஒருமுறை வியந்திருக்கிறார்.

மனுவை வாங்கும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து இரவில் க.வை எழுதியவருக்கு, அந்தக் காவலர்கள் அரக்கர்களாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. சம்பளம் போதாமல் கைதியின் சட்டையில் கண் வைக்கும் சின்ன ஊழியர்கள். நேற்று பக்கத்து மேஜையில் பார்த்த முகங்கள். அவரும் நண்பர்களும் சிரித்தது அந்த அடையாளம் தெரிந்ததால்தான் என்று நினைக்கிறேன். தீர்க்கதரிசனமாகப் படிக்கும்போது குற்றம் முழுக்க 'சிஸ்டம்' மேல் போய்விடுகிறது, நமக்குச் சௌகரியம். சிரித்தால் அந்தச் சௌகரியம் இல்லை.

அடுத்த முறை படிக்கும்போது வங்கிப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஒரு குளிர்காலக் காலையில் க.வின் அறைக்கு வெளியே அவனைப் பார்க்க வந்தவர்கள் மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அவன் தன் வழக்கு யோசனையில் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வருகிறான். எழுந்து நிற்கிறார்கள். இன்று முடியாது, இன்னொரு நாள் வாருங்கள் என்று சொல்லிவிட்டு, தன் நீதியைத் தேடிப் போய்விடுகிறான்.