எஸ்எஸ்எச் இணைப்புத் தாமதம்

எஸ்எஸ்எச் என்பது தொலைவிலுள்ள வழங்கியில் குறியாக்கப் பாதுகாப்புடன் நுழைந்து பணிபுரிய உதவும் நெறிமுறையாகும். 1995இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாட்டு யூலெனன் உருவாக்கிய இந்நெறிமுறையின் ஓபன்எஸ்எஸ்எச் என்னும் வடிவத்தை ஓபன்பிஎஸ்டி திட்டத்தினர் 1999இல் வெளியிட்டனர்; இன்று பெரும்பாலான லினக்ஸ் வழங்கிகளில் இயங்குவது அதுவே.

உள்நுழைவு தாமதமானால் குறியாக்கத்தின் மீது பழி போடுவது வழக்கம். ஆனால் இன்றைய செயலிகளுக்கு அக்கணக்கீடு பெரும் சுமையன்று. பல வினாடி நீளும் தாமதம் பெரும்பாலும் வராத பதிலுக்காகக் காத்திருப்பதால் நேர்வதாகும். இணைய வரும் கணினியின் ஐபி முகவரிக்குரிய பெயரை வழங்கி டிஎன்எஸ் மூலம் தேடும்போது, பெயர் வழங்கி மறுமொழி தராவிட்டால், லினக்ஸ் இயல்பாக 5 வினாடி காத்திருந்து மீண்டும் முயல்கிறது. எனவே தாமதம் 5, 10 என ஐந்தின் மடங்கில் அமைந்தால் டிஎன்எஸ்ஸை ஐயுறலாம். இத்தேடலை ஆளும் 'யூஸ்டிஎன்எஸ்' அமைப்பு 2015இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 6.8ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே அணைக்கப்பட்டிருப்பதால், புதிய வழங்கிகளில் முதல் வேலையாக அதைத் தேடித் திருத்துவதில் பயன் குறைவு. கெர்பரோஸ் என்னும் அடையாளச் சேவையைச் சார்ந்த ஜிஎஸ்எஸ்ஏபிஐ சரிபார்ப்பும், அச்சேவை இல்லாத இடங்களில் வீணே முயன்று நேரத்தை விழுங்குவதுண்டு. கடவுச்சொல் ஏற்கப்பட்ட பின் 25 வினாடி நின்றால், அமர்வைப் பதிவுசெய்யும் சிஸ்டம்டி-லாகின்டி சேவை பதிலளிக்காதிருக்கலாம்.

எஸ்எஸ்எச் கட்டளையுடன் 'வி' விருப்பத்தை மும்முறை சேர்த்து இயக்கினால், ஒவ்வொரு படியும் திரையில் வரியாகத் தோன்றும். எந்த வரியில் ஓட்டம் நிற்கிறது என்பதே முதன்மைத் துப்பு. தொடக்க வரிகளிலேயே நின்றால் பெயர்த் தேடலோ, எட்டாத ஐபிவி6 முகவரியோ காரணமாகலாம். சாவிப் பரிமாற்றத்தில் நின்றால் வழியிலுள்ள பொதி அளவுச் சிக்கலை ஆராய வேண்டும். ஈதர்நெட் 1500 பைட் வரை ஏற்க, பிபிபிஓஇ இணைப்பு 1492 பைட்டையே ஏற்கும். அளவு மீறியதைத் தெரிவிக்கும் ஐசிஎம்பி செய்தியைத் தீச்சுவர் தடுத்துவிட்டால், சிறு பொதிகள் கடந்துபோக, பெரியவை மட்டும் சுவடின்றி மறைகின்றன. பொதியின் உச்ச அளவாகிய எம்டியுவைக் கணினியில் தற்காலிகமாகக் குறைத்ததும் இணைப்பு சீரானால் ஐயம் உறுதியாகும். ஐசிஎம்பிக்கு வழிவிடுவதே முறையான தீர்வு.

உள்நுழைந்த பின் தட்டச்சு மந்தமாயின், பொதி சென்று திரும்பும் நேரமே பெரும்பாலும் காரணம். அதை அமைப்புகளால் குறைக்க இயலாது. கோப்புப் பரிமாற்றத்திலோ, ஒப்புதல் வருமுன் அனுப்பத்தக்க தரவின் அளவாகிய சாளரம் வேகத்திற்கு வரம்பிடுகிறது: சாளரம் 2 மெகாபைட்டும் திரும்பும் நேரம் 200 மில்லிவினாடியும் ஆனால், கம்பியின் கொள்ளளவு எதுவாயினும் வினாடிக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் செல்லாது. பிட்ஸ்பர்க் சூப்பர்கம்ப்யூட்டிங் மையத்தின் எச்பிஎன்-எஸ்எஸ்எச் இவ்வரம்பைத் தளர்த்தவே எழுதப்பட்டது.