அரக்குத் தட்டில் வந்த உறவுகள்

மலருக்குக் கட்டுரை என்றால் கோயில், கல்வெட்டு, செப்பேடு என்று எழுதுவது நம் வழக்கம். அவையெல்லாம் தேவைதான். ஆனால் ஐதராபாத்திலும் செகந்திராபாத்திலும் குடியிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் பரணில் செப்பேட்டுக்கு ஒப்பான ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. முந்தைய தலைமுறை வீட்டில் அது இசைத்தட்டு. அடுத்த தலைமுறை வீட்டில் கேசட். யாருக்கு எந்தப் பாட்டுப் பிடித்தது, அதை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது வெறும் வீட்டுக் கதை அல்ல; வரலாறுதான். பிறமொழி பேசும் ஊரில் பிழைக்க வந்த நமக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே வரலாறு.

வணிகனும் வீணையும்

சீவக சிந்தாமணியைப் படித்தவர்களுக்குச் சீதத்தன் என்ற வணிகனைத் தெரிந்திருக்கும். வித்தியாதர வேந்தன் கலுழவேகன் தன் மகள் காந்தருவதத்தையை அவனிடம் ஒப்படைக்கிறான். அவன் அவளை இராசமாபுரத்துக்கு அழைத்து வந்து, வீணையில் அவளை வெல்பவனுக்கே அவள் மாலையிடுவாள் என்று ஊரறியச் சொல்கிறான். சீவகன் வெல்கிறான். இசையை ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குக் கொண்டு வந்து சேர்க்கும் வேலையைத் திருத்தக்கதேவர் ஒரு வியாபாரிக்குக் கொடுத்திருக்கிறார் பாருங்கள். கடைக்காரனாகிய எனக்கு அது மிகவும் பிடித்த இடம்.

இருபதாம் நூற்றாண்டில் அதே வேலையைச் செய்தது கிராமபோன் தட்டு. அதுவும் முதலில் ஒரு சரக்குத்தான். 1902-இல் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கெய்ஸ்பெர்க் என்பவர் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் முதலானோரின் பாட்டைப் பதிவு செய்தார். மெழுகில் பதிந்த அந்தப் பாட்டு ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக்குக் கப்பலேறிப் போய், அங்கே தட்டாக அச்சாகித் திரும்பி வந்தது. 1908-இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகுதான் இங்கேயே தட்டு அச்சடிக்க முடிந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், தட்டு செய்ய முக்கியமான பொருள் அரக்கு. அந்த அரக்கு பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளில், சோட்டா நாகபுரிப் பக்கத்து மரங்களில் பூச்சி கட்டுவது. நம் அரக்கு, நம் பாட்டு. அடித்துக் கொடுத்தது மட்டும் அவர்கள்.

பத்து அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம். நாலு மணி நேரம் கச்சேரி செய்த வித்வான்கள் இந்த மூன்று நிமிடத்துக்குள் ராகத்தை அடக்கிக் காட்டினார்கள். நீளமான இசையைக் கேட்க வேண்டுமென்றால் நாலைந்து தட்டு வேண்டும். மேல்நாட்டில் அவற்றைப் போட்டோ ஆல்பம் போலவே உறைகள் தைத்த அட்டைப் புத்தகத்தில் வைத்து விற்றார்கள். ஆல்பம் என்ற பெயர் அப்படி வந்ததுதான். 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி லாங் பிளே தட்டைக் கொண்டு வந்ததும் அந்தப் புத்தகம் முழுவதும் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. புத்தகம் போனது, பெயர் மட்டும் நின்றது.

கதவைத் திறந்த தட்டு

தட்டு வருவதற்கு முன் நல்ல இசை எங்கே இருந்தது? கோயிலில், அரண்மனையில், மிராசுதார் வீட்டுக் கல்யாணத்தில், பிறகு சபாக்களில். உள்ளே யார் வரலாம், யார் வெளியே நிற்க வேண்டும் என்ற கணக்கு எல்லா இடத்திலும் இருந்தது. தட்டு அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. டீக்கடையில் பெட்டியைத் திருகி வைத்தால் தெருவில் போகிறவன் எல்லோருமே ரசிகன்தான். வாசல் தாண்டாத பெண்களும் கூடத்தில் உட்கார்ந்தபடியே கேட்டார்கள். நாடக மேடையின் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் 27 வயதிலேயே இறந்துபோனார். அவர் குரல் இப்படித்தான் இருந்தது என்று இன்றைக்கு நாம் சொல்ல முடிகிறதென்றால், தட்டைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

தட்டு கடல் தாண்டிய கதை இன்னும் அதிசயம். கோயம்புத்தூர் தாயி என்ற தேவதாசிக் கலைஞரின் தட்டுகள் அந்நாளில் புகழ்பெற்றவை. பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரீஸ் தெலாஜ், ராவெல் என்ற மேதையின் மாணவர், 1912-இல் இந்தியாவுக்கு வந்தவர். அவர் தாயியின் தட்டைக் கேட்டு மயங்கி, அதை ஆதாரமாக வைத்து 'ராகமாலிகா' என்று பியானோவுக்கு ஓர் இசை எழுதினார். தாள வாத்தியத்தின் ஒலி வேண்டும் என்பதற்காகப் பியானோவின் ஒரு தந்திக்கு அடியில் அட்டைத் துண்டைச் சொருகச் சொன்னார். நம் ஊரில் தேவதாசி என்று ஒதுக்கிப் பேசப்பட்ட ஒரு பெண்ணின் குரல் பாரிஸ் நகரத்துப் பியானோவில் போய் உட்கார்ந்தது. இதைவிடப் பெரிய மரியாதை வேண்டுமா?

எதிர்த் திசையிலும் போக்குவரத்து உண்டு. கிரானா பரம்பரையின் உஸ்தாத் அப்துல் கரீம் கான் தெற்கத்தி சங்கீதத்தை மதித்தவர். தியாகராஜ கீர்த்தனையைத் தட்டில் பாடிப் பதித்தவர். அவர் 1937-இல் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகும் வழியில், சிங்கப்பெருமாள் கோயில் ரயில் நிலையத்தில் உயிர்விட்டார். வடக்கே பிறந்தவருக்கு முடிவு நம் செங்கல்பட்டுச் சீமையில் அமைந்தது.

நம் ஊர்க் கதை

இனி நாம் வாழும் ஊருக்கு வருவோம். 1806-இல் செகந்திராபாத் கண்டோன்மென்ட் அமைந்ததிலிருந்து சென்னை ராணுவத்தோடு தமிழர்கள் இங்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். 1862-இல் மஹபூப் கல்லூரியைத் தொடங்கியவர் சோமசுந்தர முதலியார் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். பட்டாளம், ரயில்வே, கடை, கல்வி என்று பிழைப்பு பலவாயிற்று. காது மட்டும் ஊரை விடவில்லை. ஆனால் இந்த ஊர் அந்தக் காதைச் சும்மா விடவும் இல்லை!

நிஜாம் காலத்தில் 1935-இல் இங்கே வானொலி வந்தது. அதுவே டெக்கான் ரேடியோ. 1950-இல் அகில இந்திய வானொலி அதை எடுத்துக்கொண்டது. உருது கஜலும் கவ்வாலியும் நம்மவர் காதில் விழுந்த வழி அது. 1952 வாக்கில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தபோது கொழும்பு வானொலிக்கு யோகம் அடித்தது. சிற்றலையைத் திருகித் திருகித் தமிழ்ப் பாட்டுக்கு ஒரு நேரம், இந்திப் பாட்டுக்கு அமீன் சயானியின் குரலில் ஒரு நேரம் என்று வீடுகள் பிரித்துக்கொண்டன. 1957-இல் விவித பாரதி வந்த பிறகுதான் கொஞ்சம் நிம்மதி.

உஸ்தாத் படே குலாம் அலி கான் தம் கடைசி நாட்களை நம் ஊரில்தான் கழித்தார். 1968-இல் பஷீர்பாக் அரண்மனையில் அவர் காலமானார். அந்தப் பக்கத்துச் சாலைக்கு அவர் பெயரே வைத்திருக்கிறார்கள். நம் ஜி.என். பாலசுப்ரமணியம் அவர்மேல் பெரிய மதிப்பு வைத்திருந்தார் என்பது சங்கீத உலகம் அறிந்த செய்தி. கஜலும் தும்ரியும் நமக்கு அந்நியம் என்று சொல்லுகிறவர்கள் ஜி.என்.பி.யைவிடப் பெரிய ரசிகர்களா என்று நான் கேட்பதுண்டு.

நாம் இந்த ஊருக்குக் கொடுத்ததும் குறைவில்லை. 1963-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி. தட்டாக வந்தது. இயற்றியவர் காஞ்சிபுரத்துப் பிரதிவாதி பயங்கரம் அண்ணன். பாடியவர் மதுரைப் பெண்மணி. ஆனால் இங்கே எத்தனை தெலுங்கு வீடுகளில் பொழுது விடிவது அந்தக் குரலில்தான்! பிறகு 1980 வாக்கில் அவர் பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலா தட்டுகள் அன்னமாச்சாரியாரின் தெலுங்குக் கீர்த்தனைகளைத் தெலுங்கு அறியாத தமிழ் வீடுகளுக்குக் கொண்டு போயின. அந்தக் கீர்த்தனைகளே செப்புத் தகடுகளில் பொறிக்கப்பட்டுத் திருமலைக் கோயிலில் நூற்றாண்டுக் கணக்கில் அடைந்து கிடந்து, 1922-இல் வெளிச்சத்துக்கு வந்தவை. செப்புத் தட்டில் தூங்கிய பாட்டை இசைத்தட்டு எழுப்பிவிட்டது என்று சொன்னால் மிகையாகாது.

கண்டசாலாவின் பகவத்கீதைத் தட்டை வாங்காத தெலுங்கு வீடு அபூர்வம். அது அவர் 1974-இல் மறைவதற்குச் சற்று முன் பாடிக் கொடுத்தது. அவர் தமிழிலும் பாடியவர் என்பதால் நம் வீட்டுப் பெரியவர்களும் அவரை உரிமையோடு கேட்டார்கள். நாகூர் ஹனிபா பாட்டு எந்த மதத்தார் வீட்டிலும் ஒலித்தது. சுசீலா விஜயநகரத்துக்காரர், பி.பி. ஸ்ரீநிவாஸ் காக்கிநாடாவில் பிறந்தவர். 'நம்ம பாட்டு, அவங்க பாட்டு' என்று கோடு போட உட்கார்ந்தால் நமக்கு மிஞ்சுவது பாதிதான்.

பாட்டு லிஸ்ட்

1980-களில் கேசட் வந்ததும் ஒவ்வொருவரும் தம் ஆல்பத்தைத் தாமே தொகுக்கலாம் என்று ஆயிற்று. வெறும் கேசட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் பதிவுக் கடையில் கொடுத்தால், ஒரு வாரத்தில் பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கேசட்டுக்குப் பன்னிரண்டு, பதிமூன்று பாட்டு. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பெரிய பஞ்சாயத்தே நடக்கும். எங்கள் கடைக்கு வரும் ஓர் உருதுக்காரப் பெரியவர் கஜல் கேசட் கொடுப்பார். பதிலுக்கு நாங்கள் டி.எம்.எஸ்., சீர்காழி பதிந்து கொடுப்போம். 'அர்த்தம் தெரியலீங்களே' என்றால், 'காதுக்குத் தெரிஞ்சா போதும் சேட்' என்பார். கடனாகக் கொடுத்த சரக்கு கையை விட்டுப் போகும். பாட்டு கொடுத்தால் இருவரிடமும் இருக்கும். வியாபாரத்தில் இப்படிப்பட்ட சரக்கை நான் வேறு பார்த்ததில்லை.

வெவ்வேறு இசைகளை ஒரே தட்டில் உட்கார வைத்த முயற்சிகளும் அந்தக் காலத்தில் பெருகின. 1976-இல் ஜான் மக்லாலினோடு எல். சங்கரின் வயலினும் விக்கு விநாயக்ராமின் கடமும் சேர்ந்த 'சக்தி' ஆல்பம் வெளிவந்தது. 1986-இல் இளையராஜா தியாகராஜருக்கும் பாக் என்ற ஜெர்மானிய மேதைக்கும் காணிக்கையாக 'ஹௌ டு நேம் இட்' கொடுத்தார். அதற்கு என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியையே பெயராக வைத்தது பொருத்தம்தான்.

இப்போது செய்ய வேண்டியது

இன்றைக்குக் கைப்பேசியில் எல்லாப் பாட்டும் கிடைக்கிறது, பழசை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எல்லாம் கிடைப்பதில்லை என்பதே என் பதில். சிறிய கம்பெனிகள் அடித்த 78 தட்டுகளில் எத்தனையோ யாரும் கணினியில் ஏற்றாதவை. வீடு மாற்றும்போது பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டுவிட்டால் அந்தக் குரல் அதோடு சரி.

ஆகவே சில யோசனைகள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள், வெயில் படக்கூடாது. அரக்குத் தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க வேண்டாம், அரக்கு கரைந்துவிடும். எல்.பி. முள்ளால் 78 தட்டை ஓட்ட வேண்டாம். அதற்கு அகலமான முள் தனி. கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தால் ஓட்டிப் பார்க்காமல் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுதான். பாட்டை எழுதியவர், மெட்டமைத்தவர் உரிமை தனிக் கணக்கு. வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களைக் கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்கள் தமக்குப் பிடித்த பத்து இசைத்தட்டுகளை ஒரு தாளில் எழுதட்டும். பக்கத்தில், அது எப்படிக் கிடைத்தது, யார் கொடுத்தார், எந்த வீட்டில் கேட்டது என்று இரண்டு வரி. பேரப்பிள்ளைகளும் தமக்குப் பிடித்த பத்தை எழுதட்டும். அது ராப் ஆனாலும் சரி, தெலுங்குப் பாட்டு ஆனாலும் சரி. இருவரும் மாற்றிக் கேட்கட்டும். தமிழ் எழுதப் படிக்கத் தெரியாமல் நம் பிள்ளைகள் பலர் இங்கே வளர்கிறார்கள். அந்த உண்மையை மறைத்துப் பயனில்லை. அவர்களிடம் தமிழ் போய்ச் சேர இன்னும் அடைபடாமல் இருக்கிற வழி காதுதான். அந்த வழியில் முதலில் நாம் அவர்கள் பாட்டைக் கேட்டால்தான், அவர்கள் நம் பாட்டைக் கேட்பார்கள்.