பனாமா கால்வாயின் கட்டுமான வரலாறு

பனாமா கால்வாய் என்பது நடு அமெரிக்க நாடான பனாமாவில், அட்லாண்டிக் பெருங்கடலையும் பசிபிக் பெருங்கடலையும் இணைக்கும் செயற்கை நீர்வழி ஆகும். இதன் நீளம் ஏறத்தாழ 82 கிலோமீட்டர். இது 1914 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் இவ்விரு பெருங்கடல்களுக்கும் இடையே செல்லும் கப்பல்கள் தென் அமெரிக்காவின் தென்முனையைச் சுற்றிச் சென்றன.

பிரெஞ்சு முயற்சி

1869 இல் திறக்கப்பட்ட சூயெஸ் கால்வாயை உருவாக்கிய பெர்டினண்ட் டி லெசெப்ஸ், 1881 இல் பனாமாவில் பணிகளைத் தொடங்கினார். சூயெசைப் போலவே கடல்மட்டக் கால்வாய் ஒன்றை வெட்டுவதே அவரது திட்டமாகும். ஆனால் சூயெஸ் சமதரையான பாலை நிலம். பனாமாவோ மலைகளும் அடர்காடும் கனமழையும் உடையது. குலேப்ரா மலைப்பகுதியில் வெட்டிய பள்ளத்தில் மண் மீண்டும் மீண்டும் சரிந்தது.

மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் தொழிலாளர்களைத் தாக்கின. இவை கொசுக்களால் பரவுவது அப்போது உறுதிப்படுத்தப்படவில்லை. எறும்புகளைத் தடுக்க மருத்துவமனைக் கட்டில்களின் கால்களுக்கு அடியில் வைத்த நீர்க் கிண்ணங்களிலேயே கொசுக்கள் பெருகின. இம்முயற்சியில் ஏறத்தாழ 22,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. 1889 இல் நிறுவனம் நொடித்துப்போனது.

அமெரிக்க முயற்சி

1903 இல் பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. அடுத்த ஆண்டு ஐக்கிய அமெரிக்கா பணிகளை ஏற்றது. மருத்துவர் வில்லியம் கோர்காஸ் தேங்கிய நீரை அகற்றியும் வீடுகளில் புகையூட்டியும் கொசுக்களை ஒழித்தார். இதனால் மஞ்சள் காய்ச்சல் ஓரிரு ஆண்டுகளில் நீங்கியது. எனினும் 1904 முதல் 1914 வரை நோயாலும் விபத்தாலும் 5,609 பேர் இறந்தனர். இவர்களில் பெரும்பாலோர் பார்படோசு முதலிய கரிபியத் தீவுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள்.

பொறியாளர் ஜான் ஸ்டீவன்சின் வற்புறுத்தலால் 1906 இல் கடல்மட்டத் திட்டம் கைவிடப்பட்டது. சாக்ரஸ் ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 26 மீட்டர் மேலே கத்தூன் ஏரி உருவாக்கப்பட்டது.

செயற்பாடு

கப்பல்கள் நீர்ப்பூட்டுகள் எனப்படும் கதவுடைய தொட்டிகள் வழியே படிப்படியாக ஏரிக்கு உயர்த்தப்பட்டு, மறுபுறம் இறக்கப்படுகின்றன. இதற்கு எக்கிகள் தேவையில்லை. ஏரிநீர் புவியீர்ப்பால் தொட்டிகளை நிரப்புகிறது. ஒரு கப்பல் கடந்து செல்லச் சுமார் 20 கோடி லிட்டர் நன்னீர் கடலில் கலக்கிறது.

பிற்காலம்

1999 டிசம்பர் 31 அன்று கால்வாய் பனாமாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பெரிய கப்பல்களுக்கான புதிய நீர்ப்பூட்டுகள் 2016 இல் திறக்கப்பட்டன. இவற்றில் நீரின் ஒரு பகுதியைச் சேமித்து மீண்டும் பயன்படுத்தும் தொட்டிகள் உள்ளன. 2023 இல் மழை குறைந்து ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்ததால், நாள்தோறும் கடக்கும் கப்பல்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. மலையை வெட்டும் சிக்கலைத் தீர்த்த ஏரியே கால்வாயை மழையைச் சார்ந்ததாகவும் ஆக்கியுள்ளது.